காமிராவை அம்மா பக்கம் திருப்புங்க!

உஷ்... மெதுவாக வாங்க. செருப்பை வாசலிலேயே விட்டுவிடுங்கள். இன்னும் ஐந்து நிமிடத்தில் இந்த வீட்டுப் பட்டாசாலையில் ஆட்டிசம் தெரபி ஆரம்பிக்கப் போகிறது. தெரபிஸ்ட் எங்கே என்று தேடாதீர்கள், அவர் இந்த ஊரிலேயே இல்லை. தெரபி அறை என்று ஒன்றும் கிடையாது. ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, அதன்மேல் எவர்சில்வர் தூக்குவாளி, வாளியில் சாய்த்துவைத்த ஆண்ட்ராய்டு போன். மொத்த தளவாடமும் இவ்வளவுதான்!

ஊர், சிவகிரி. ராஜபாளையத்திலிருந்து தென்காசி போகிற சாலையில் சேத்தூரைத் தாண்டி, வாசுதேவநல்லூருக்கு முன்னால். பழைய ஜமீன் ஊர், மலையடிவாரம், குன்றின்மேல் பாலசுப்பிரமணியர். வீட்டுக்கும் வீட்டில் இருப்பவர்களுக்கும் நான் பெயர் வைக்கப்போவதில்லை. இங்கே எந்தத் தெருவிலும் இருக்கக்கூடிய வீடு. பல வீடுகளில் நடப்பதை ஒன்றாகச் சேர்த்துக் கட்டிய காட்சி என்று வைத்துக்கொள்ளுங்கள். நாலு வயசுப் பையன், அம்மா, அப்பா, ஆச்சி. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் பையன் திரும்ப மாட்டான். வேண்டியதை விரல் நீட்டிக் காட்ட மாட்டான்; அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் அலமாரிக்கு முன்னால் நிறுத்துவான். மூடியோ தட்டோ கிடைத்தால் தரையில் சுழலவிட்டு, அது நிற்கிறவரைக்கும் கண்ணெடுக்காமல் பார்ப்பான்.

போன் அடிக்கிறது. வந்துட்டாங்க!

"ஹலோ... அக்கா, கேக்குதா? எனக்கு ஃபேன் தெரியுது."

தொலைவழித் தெரபியில் முதல் இரண்டு நிமிடத்துக்குக் கதாநாயகன் எப்போதும் மின்விசிறிதான். போனை எடுத்த வேகத்தில் தரையில் வைத்திருப்பார்கள். அப்புறம் காலண்டர் தெரியும், அடுத்து ஆச்சியின் காது தெரியும் (ஆச்சி போனைக் காதில் வைத்துத்தான் பேசுவாள், வீடியோ கால் என்று எத்தனை முறை சொன்னாலும்). கடைசியில் பையன் வருவான். வந்ததும் செய்கிற முதல் காரியம், சிவப்புப் பொத்தானை அமுக்கி அழைப்பைத் துண்டிப்பது. இவ்வளவு துல்லியமாக அமுக்குகிற பிள்ளைக்கு விரல் பயிற்சி எதற்கு என்று கேட்கத் தோன்றுமா, தோன்றாதா?

மறுபடி அழைப்பு. அம்மா போனைத் தூக்கிக்கொண்டு பையன் பின்னால் ஓடுகிறார். மூலையில் உட்கார்ந்திருக்கிறவன் முகத்துக்கு நேராகப் போனை நீட்டி, "மிஸ்ஸுக்கு வணக்கம் சொல்லு, மிஸ்ஸைப் பாரு" என்கிறார். அவன் சுவரைப் பார்க்கிறான்.

"அக்கா, அவனை விட்டுருங்க. அவன் என்னைப் பாக்கவே வேண்டாம். காமிராவை உங்க பக்கம் திருப்புங்க!"

இதுதான் திரைக்குப் பின்னால் இருக்கிற பெரிய ரகசியம். உங்களிடம் சொல்லத்தான் இவ்வளவு தூரம் கூட்டிவந்தேன். ஆன்லைன் தெரபி என்றால் பிள்ளையைத் திரை முன்னால் உட்காரவைத்து, அந்தப் பக்கத்திலிருந்து யாரோ பாடம் நடத்துவார்கள் என்றுதானே நினைத்திருப்பீர்கள்? சின்னப் பிள்ளைகளுக்கு அப்படி நடப்பதில்லை. போன் அம்மாவுக்கு. பயிற்சியும் அம்மாவுக்கு. பிள்ளை தன் பாட்டுக்குத் தன் வீட்டில் விளையாடிக்கொண்டிருப்பான். அவனோடு எப்படி விளையாடுவது என்று அம்மாவுக்கு ஒருவர் தூரத்திலிருந்து சொல்லிக்கொண்டே இருப்பார்.

ஆச்சி சும்மா இருப்பாளா? "ஏம்மா, போனைக் குடுக்காதீங்கன்னு டாக்டர் படிச்சுப் படிச்சுச் சொன்னாரு. இப்ப போன்லயே வைத்தியமாக்கும்?" நியாயமான கேள்வி! இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் இரண்டு வயது வரை திரையே வேண்டாம், இரண்டிலிருந்து ஐந்து வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்தைத் தாண்ட வேண்டாம் என்று சொல்கிறது. ஆச்சிக்கு மிஸ் சொல்கிற பதில் ஒரே வரி: "அவன் பாக்கலை ஆச்சி, நான்தான் பாக்கேன்."

கணக்குப் போட்டுப் பார்த்தாலும் இதில் ஒரு நியாயம் இருக்கிறது. நாலு வயசுப் பிள்ளை ஒரு நாளில் சுமார் 12 மணி நேரம் விழித்திருக்கிறது. வாரத்துக்கு 84 மணி நேரம். தெரபிஸ்ட்டிடம் போகிறது ஒரு மணி நேரம் என்றால் பாக்கி 83 மணி நேரமும் யாரிடம்? அம்மாவிடம், ஆச்சியிடம், அப்பா வீட்டில் இருந்தால் அப்பாவிடம். அந்த 83 மணி நேரத்தைப் பிடிக்காமல் ஒரு மணி நேரத்தைப் பிடித்து என்ன செய்ய?

சரி, உள்ளே கவனியுங்கள். நல்ல இடம் வருகிறது.

அம்மா காதில் இயர்போனை மாட்டிக்கொண்டார். மிஸ்ஸின் குரல் இப்போது அவருக்கு மட்டும்தான் கேட்கும், பிள்ளைக்குக் கேட்காது. வெளிநாடுகளில் இதற்கென்றே காதுக்குள் வைக்கிற சின்னக் கருவி வைத்து ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் பயிற்சி கொடுக்கிறார்கள். சிவகிரியில் செல்போன் கடை இயர்போன் அந்த வேலையைப் பார்க்கிறது. (நமக்கு மட்டும் அந்தக் குரலைக் கேட்க அனுமதி உண்டு. பெருமையாக இருக்கிறதா?)

பையன் சம்படத்து மூடியைச் சுழலவிட்டுக்கொண்டிருக்கிறான்.

"எதுத்தாப்ல போய் உக்காருங்க அக்கா. பக்கத்துல வேண்டாம், எதுத்தாப்ல. அவன் கண்ணு மட்டத்துக்கு வாங்க... சாஞ்சு படுத்தாலும் சரிதான். இப்ப நீங்க ஒரு மூடி எடுத்துச் சுத்துங்க."

"சுத்தக் கூடாதுன்னுதானே மிஸ் இவ்வளவு நாளும் புடுங்கி வச்சேன்?"

"இன்னைக்குச் சுத்துங்க."

அம்மா சுற்றுகிறார். அவருடைய மூடி இரண்டே சுற்றில் படுத்துவிடுகிறது. பையனுக்குப் பொறுக்கவில்லை. தன் மூடியிலிருந்து கண்ணை எடுத்து அம்மாவின் மூடியைப் பார்க்கிறான். "பேசாதீங்க அக்கா, பேசாதீங்க. மனசுக்குள்ள அஞ்சு எண்ணுங்க." ஒன்று. இரண்டு. அம்மாவுக்கு வாய் பரபரக்கிறது. பிள்ளையோடு பேசாமல் ஐந்து எண்ணுவது நெல்லைச் சீமைத் தாய்க்கு லேசுப்பட்ட காரியமா? மூன்று. நான்கு. பையன் மூடியிலிருந்து கண்ணை மேலே தூக்கி அம்மாவின் முகத்தைப் பார்க்கிறான். அரை நொடி.

"பாத்தான்! பாத்தான்! பாத்தீங்களா அக்கா, பாத்தான்லா!"

இயர்போனைத் தாண்டி நமக்கே கேட்கிறது அந்தக் கூச்சல். தெரபிஸ்ட் என்றால் வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு நிதானமாகத் தலையாட்டுவார் என்று யார் சொன்னது?

இந்த அரை நொடிக்குப் பின்னால் பெரிய ஆராய்ச்சியே இருக்கிறது. பிரிட்டனில் பேக்ட் என்று ஒரு முறையை உருவாக்கி, பெரிய அளவில் சோதித்து, 2010ஆம் ஆண்டு முடிவுகளை வெளியிட்டார்கள். பெற்றோரும் பிள்ளையும் விளையாடுவதை வீடியோ எடுப்பது, பிறகு பெற்றோரோடு உட்கார்ந்து அதை ஓட்டிப் பார்ப்பது, பிள்ளை பார்த்த, சிரித்த, கை நீட்டிய இடத்தில் படத்தை நிறுத்தி "இதற்கு முன்னால் நீங்கள் என்ன செய்தீர்கள்?" என்று கேட்பது. தப்பைக் காட்டித் திருத்துவது கிடையாது. சரியாக நடந்த இடத்தை மட்டும் காட்டுவார்கள். அதை நம் பக்கத்துக்குத் தக்கபடி மாற்றி, கோவாவின் சங்கத் அமைப்பும் பாகிஸ்தானின் ராவல்பிண்டிக் குழுவும் சேர்ந்து பாஸ் என்ற பெயரில் 65 பிள்ளைகளிடம் சோதித்தன. 2016இல் லான்செட் சைக்கியாட்ரி இதழில் முடிவு வந்தது. அங்கே இதைச் செய்தவர்கள் நிபுணர்களே இல்லை, பயிற்சி பெற்ற உள்ளூர்க்காரர்கள்! பெற்றோர் பிள்ளைக்கு ஈடுகொடுத்து விளையாடுவது கூடியது, பிள்ளைகள் தாமாகப் பேச்சைத் தொடங்குவதும் கூடியது. எல்லாவற்றிலும் முன்னேற்றம் என்று அவர்கள் சொல்லிக்கொள்ளவில்லை. அதனாலேயே எனக்கு அந்த ஆய்வின்மேல் நம்பிக்கை.

வீடியோவை நிறுத்தி நிறுத்திக் காட்டுகிற வேலைக்குப் போனைவிடத் தோதான சாமான் உண்டா சொல்லுங்கள்.

அடுத்த காட்சிக்கு அடுக்களைப் பக்கம் வாங்க. ஜன்னல் திட்டில் கண்ணாடிச் சாடி, உள்ளே முறுக்கு. மூடி இறுக்கமாகத் திருகியிருக்கிறது. இதை யாரும் மறந்து திருகவில்லை, இது திட்டமிட்ட சதி! போன வாரம் வரைக்கும் பையன் கேட்பதற்கு முன்பே அம்மா முறுக்கை எடுத்துக் கையில் கொடுத்துவிடுவார். நல்ல தாய், ஆனால் அவனுக்குக் கேட்க வேண்டிய தேவையே வரவில்லை. இப்போது முறுக்கு கண்ணுக்குத் தெரியும், கைக்கு எட்டும், திறக்க மட்டும் முடியாது. அவன் சாடியை எடுத்துக்கொண்டு வந்து அம்மாவின் கையில் திணிப்பான். அப்போது அம்மா உடனே திறக்கக் கூடாது. ஐந்து எண்ண வேண்டும். அவன் ஒரு சத்தமோ, ஒரு பார்வையோ, கையை விரிக்கிற ஒரு சைகையோ, எதையாவது தந்தால் அந்த நொடியிலேயே "திற!" என்று ஒரே ஒரு சொல் சொல்லித் திறக்க வேண்டும். முறுக்கை முழுசாகக் கொடுக்கவும் கூடாது. உடைத்து ஒரு துண்டு. ஒரு முறுக்கில் எட்டுத் துண்டு, எட்டு முறை கேட்கலாம். மணப்பாறைக்காரர்கள் மன்னிக்க வேண்டும்.

பேச்சு வரவில்லையே, எப்படிக் கேட்பான்? அதற்குப் படங்கள். முறுக்குச் சாடியைப் போட்டோ எடுத்து, தண்ணீர்ச் செம்பைப் போட்டோ எடுத்து, ஸ்டூடியோவில் பிரின்ட் போட்டு சுவரில் ஒட்டினால் படத்தைத் தொட்டுக் கேட்கலாம். சென்னையில் அஜித் நாராயணன் உருவாக்கிய ஆவாஸ் இதே எண்ணத்தைக் கருவியாக்கி, படத்தைத் தொட்டால் குரல் பேசும்படி செய்தது. அந்தக் கண்டுபிடிப்புக்காக 2011இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. டெக்னாலஜி ரிவியூ இதழ் 35 வயதுக்குட்பட்ட சாதனையாளர் பட்டியலில் அவரைச் சேர்த்தது. படத்தைக் காட்டிப் பழகினால் பேச்சே வராமல் போய்விடும் என்று ஊரில் ஒரு பயம் உண்டு. அப்படி ஆவதில்லை என்பதைத்தான் ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன.

ஊஷ்ஷ்ஷ்ஷ்ஷ்!

பயந்துவிட்டீர்களா? குக்கர்தான். பையனைப் பாருங்கள், இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போய்விட்டான். ஆனால் போனைப் பாருங்கள். மிஸ்ஸுக்கு முகமெல்லாம் வெளிச்சம்! "அக்கா, தினமும் இந்த நேரத்துக்குத்தான் குக்கர் வைப்பீங்களா? அவன் சாயந்திரம் அழுது புரளுதான்னு சொன்னீங்களே, அது எத்தனை மணிக்கு?" ஆறு மணிக்குத் தொடங்கும் என்று அம்மா போன வாரமே சொல்லியிருந்தார். காரணம் தெரியாமல் எல்லாரும் கண்ணேறு, வயிற்றுவலி, பிடிவாதம் என்று தேடிக்கொண்டிருந்தார்கள். ஏசி போட்ட சென்டர் அறையில் நூறு மணி நேரம் பார்த்தாலும் குக்கர் விசில் கேட்காது. வீட்டுக்குள்ளே கண் வைத்ததால் கிடைத்த துப்பு இது. தீர்வு எளிது: விசில் வரப்போகிறது என்று முன்கூட்டியே சொல்வது, அந்த நேரத்துக்கு ஆச்சி அவனை மொட்டை மாடிக்குக் கூட்டிப்போவது, கொஞ்சம் கொஞ்சமாகச் சத்தத்தைப் பழக்குவது.

இப்படித் துப்புத் துலக்குவதைத் தொலைவழியாகவே செய்யலாம் என்று அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் டேவிட் வாக்கர் குழுவினர் 2013லேயே காட்டிவிட்டார்கள். மருத்துவமனையிலிருந்து சராசரியாக 222 மைல் தள்ளியிருந்த குடும்பங்கள். பிள்ளை ஏன் அடிக்கிறது, கத்துகிறது, தன்னையே காயப்படுத்திக்கொள்கிறது என்று பெற்றோரையே வைத்துச் சோதித்து, அதற்குப் பதிலாகக் கேட்கக் கற்றுக்கொடுத்தார்கள். 222 மைல் என்றால் 350 கிலோமீட்டருக்கு மேல். நம் ஆட்களுக்கு அது பெரிய தூரமா? சிவகிரியிலிருந்து சென்னை ஐநூறு கிலோமீட்டரைத் தாண்டும். பல்வகைக் குறைபாடுகளுக்கான தேசிய நிறுவனம் இருக்கிற முட்டுக்காடு, சென்னைக்குத் தெற்கே கடற்கரைச் சாலையில். பொதிகை எக்ஸ்பிரஸில் ராத்திரி முழுக்க, விளக்கு வெளிச்சமும் சத்தமும் தாங்காத பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு போய், காலையில் எழும்பூரில் இறங்கி, பஸ் பிடித்து, டோக்கன் போட்டு உட்காருகிறபோது அந்தப் பிள்ளை என்ன நிலையில் இருக்கும்? அங்கே டாக்டர் பார்ப்பது அதன் ஆட்டிசத்தையா, அதன் களைப்பையா?

அவ்வளவு தூரம் போவானேன்? இங்கே பக்கத்திலேயே ஒரு கதை இருக்கிறது. எனக்குச் சொல்லச் சொல்ல உற்சாகம் கூடுகிற கதை.

தென்காசிக்குப் பக்கத்தில் ஆய்க்குடி. 1975 ஜனவரி 10. பொறியியல் படித்துக்கொண்டிருந்த எஸ். ராமகிருஷ்ணன் கடற்படை அதிகாரி வேலைக்கான உடல்திறன் தேர்வுக்குப் பெங்களூரு போனவர், அங்கே விழுந்ததில் கழுத்துக்குக் கீழே உடல் செயலிழந்து திரும்பினார். ராணுவ மருத்துவமனையில் தனக்குச் சிகிச்சை தந்த ஏர் மார்ஷல் அமர்ஜித் சிங் சாகல் பெயரில், 1981இல், அந்த உலக மாற்றுத்திறனாளிகள் ஆண்டில், சொந்த ஊரில் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். தசைச் சிதைவு நோயோடு வாழ்கிற பட்டயக் கணக்காளர் எஸ். சங்கரராமன் 1992இல் வந்து சேர்ந்தார். 2020இல் ராமகிருஷ்ணனுக்குப் பத்மஸ்ரீ. சக்கர நாற்காலியில் இருக்கிற இரண்டு பேர் சேர்ந்து, வீட்டை விட்டு வெளியே வர முடியாத பிள்ளைகளுக்காக ஒரு ஊரையே கட்டியெழுப்பினார்கள் என்றால் வீடு தேடிப் போவதன் அருமை அவர்களுக்குத் தெரியாமலா இருக்கும்?

போனார்கள். அந்தந்த ஊர்ப் பெண்களுக்குச் சமூக மறுவாழ்வுப் பணியாளர்களாகப் பயிற்சி கொடுத்து, வளர்ச்சியில் பின்தங்கிய பிள்ளைகளின் வீடுகளுக்கு அனுப்பினார்கள். அவர்கள் கையில் 'எனேபிளிங் இன்க்ளூஷன்' என்ற செயலி. பிள்ளை இன்றைக்கு என்ன செய்தது, அடுத்து என்ன இலக்கு, என்ன பயிற்சி என்று பணியாளர் வீட்டில் உட்கார்ந்தே பதிவு செய்வார். பிசியோதெரபி, பேச்சுப் பயிற்சி, சிறப்புக் கல்வி தெரிந்த நிபுணர்கள் அதைப் பார்த்து வழிகாட்டுவார்கள். இதில் எனக்கு மிகவும் பிடித்த சங்கதி ஒன்று உண்டு. இந்தத் திட்டத்தில் பிள்ளையை மட்டும் அளப்பதில்லை. பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறவரின் மனச்சுமையையும் அளக்கிறார்கள்! தூங்குகிறீர்களா, முதுகு வலிக்கிறதா, உங்களுக்கென்று நேரம் கிடைக்கிறதா என்கிற வகைக் கேள்விகளை எந்த ஆஸ்பத்திரி வரிசையில் ஒரு தாயிடம் கேட்டிருக்கிறார்கள்?

பிறகு 2020 மார்ச் வந்தது. ஊரடங்கு தொடங்கிய அதே 25ஆம் தேதி, மத்திய சுகாதார அமைச்சகம் தொலைவழி மருத்துவத்துக்கான நெறிமுறைகளை வெளியிட்டது. தொலைவழி மருத்துவம் அதற்கு முன்பும் நம்மிடம் இருந்ததுதான். 2000இல் ஆந்திராவின் அரகொண்டாவில் அப்போலோ தொடங்கியது. 2010இல் சென்னை ஸ்கார்ஃப் அமைப்பு ஒரு பஸ்ஸையே மனநல மருத்துவமனையாக்கி, உள்ளே வீடியோ வசதி வைத்துப் புதுக்கோட்டைக் கிராமங்களுக்கு ஓட்டியது. ஆனால் 2020இல்தான் எல்லாருக்கும் கட்டாயம் வந்தது. ஆய்க்குடிப் பணியாளர்களால் வீடுகளுக்குப் போக முடியவில்லை; அழைப்புகள் போயின. செயலியும் பிள்ளைகளின் பதிவுகளும் ஏற்கெனவே கைவசம் இருந்தன. அதைவிட முக்கியம், அம்மாக்கள் ஏற்கெனவே பாதித் தெரபிஸ்ட்டாகியிருந்தார்கள்.

அந்தக் காலத்தில் உலகம் முழுக்க நடந்த ஒரு வேடிக்கையையும் இங்கே சொல்லிவிடுகிறேன். ஆட்டிசம் இருக்கிறதா என்று பார்க்க ஏடாஸ் என்றொரு சோதனை உண்டு. நேருக்கு நேர் உட்கார்ந்து, சிரித்து, புருவம் உயர்த்தி, குழந்தை அந்த முகத்துக்கு எப்படிப் பதில் கொடுக்கிறது என்று பார்ப்பது. எல்லாரும் முகக்கவசம் மாட்டிக்கொண்டதும் சோதனைக்கு முகமே இல்லாமல் போயிற்று! அப்போதுதான் அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகம் டெலி ஏ.எஸ்.டி. பெட்ஸ் என்ற வழியைப் பரப்பியது. அம்மாவே சோதனை செய்வார்: பெயர் சொல்லிக் கூப்பிடு, எதையாவது காட்டு, ஒன்று இரண்டு மூன்று என்று சொல்லி விளையாட்டுக் காட்டு, தின்பண்டம் கேட்கவை. நிபுணர் திரையில் இருந்தபடி குறிப்பார். வேறொரு குழு அதற்கு முன்பே நேரலையே வேண்டாம் என்றிருந்தது. பிள்ளை சாப்பிடும்போது, மற்றவர்களோடு இருக்கும்போது, தனியாக விளையாடும்போது, கவலை தருகிற காரியத்தைச் செய்யும்போது என்று நாலு வீடியோவை எடுத்து அனுப்பினால் போதும்.

நாலு வீடியோ யோசனை சிவகிரிக்கு ரொம்பவே பொருந்தும். மலையை ஒட்டினாற்போல் இருக்கிற தெருக்களில் சிக்னல் இருக்கிற இடம் மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டிப் பக்கம்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளையைத் தொட்டிப் பக்கம் கொண்டுபோயா தெரபி நடத்துவது? பகலில் அடுக்களையில் இரண்டு நிமிடம் படம் எடுத்து, ராத்திரி வாட்ஸ்அப்பில் தட்டிவிட்டால் அது தன் பாட்டுக்கு ஏறிப் போய்ச் சேரும். மறுநாள் மிஸ்ஸிடமிருந்து குரல் பதிவு வரும்: "அக்கா, நாப்பதாவது செகண்ட் பாருங்க. தட்டை வாங்கும்போது உங்க கையைப் பாக்கான். அந்த இடத்தில நீங்க பேசாம இருந்தீங்கள்ல, அதான்." அம்மா அந்த நாற்பதாவது நொடியை அப்பாவுக்குக் காட்டுவார், ஆச்சிக்குக் காட்டுவார், பக்கத்து வீட்டு மதினிக்கும் காட்டுவார்.

சொதப்பல்களையும் பார்க்காமல் போனால் எட்டிப் பார்த்ததற்கு அர்த்தம் இல்லை. சில வீடுகளில் ஒரே போன், அதை அப்பா வேலைக்கு எடுத்துக்கொண்டு போய்விடுவார். அதனால் தெரபி ராத்திரி எட்டு மணிக்கு, பிள்ளைக்குத் தூக்கம் வருகிற நேரத்தில். மாசக் கடைசியில் ரீசார்ஜ் தீர்ந்துவிடும். சொந்தக்காரர் யாராவது வந்தால் திரைக்குள் தலையை நீட்டி, "எப்பம்மா பேசுவான்?" என்று நேரடியாகக் கேட்டுவிடுவார், அம்மாவின் முகம் விழுந்துவிடும், அன்றைய வேலை அவ்வளவுதான். வீட்டுக்குள் காமிரா வருவதே சில குடும்பங்களுக்குக் கூச்சம். அதற்காக முதல் நாளே சுவருக்குச் சுண்ணாம்பு அடித்த வீடும் இருக்கலாம், நான் ஆச்சரியப்பட மாட்டேன்.

போனால் ஆகாத காரியங்களும் உண்டு. விழுங்குவதில் சிக்கல் இருக்கிற பிள்ளைக்கு உணவுப் பயிற்சி, வலிப்பு, தலையைச் சுவரில் மோதிக்கொள்கிற அளவுக்குப் போகிற பிள்ளை, தசையைத் தொட்டுப் பார்த்து முடிவு செய்ய வேண்டியது, இவையெல்லாம் நேரில்தான். அரசு அடையாள அட்டைக்கும் பிள்ளையை நேரில் கூட்டிப்போகத்தான் வேண்டும். 1999இன் தேசிய அறக்கட்டளைச் சட்டத்திலும் 21 வகைக் குறைபாடுகளைச் சொல்கிற 2016ஆம் ஆண்டுச் சட்டத்திலும் ஆட்டிசம் இருப்பதால் சலுகைகளுக்கு அந்த அட்டை தேவை. 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமானதில் ஒரு லாபம், இந்த அலைச்சலுக்குத் திருநெல்வேலி வரை போக வேண்டியதில்லை. போன் தெரபியையே எல்லாவற்றுக்கும் மருந்தாக விற்கிறவர்களிடமும், மூன்று மாதத்தில் குணப்படுத்துகிறேன் என்று முன்பணம் கேட்கிறவர்களிடமும் கொஞ்சம் தள்ளி நிற்பது நல்லது. ஆட்டிசத்தைக் குணமாக்குகிற மருந்து கிடையாது; பிள்ளைக்கு நாள் சுலபமாவதும், வீட்டுக்கு அவனைப் புரிவதும்தான் நடக்கும்.

போதும், உள்ளே திரும்புவோம். அழைப்பு முடிகிற நேரம், அம்மா ஏதோ கேட்கிறார். காதைத் தீட்டிக்கொள்ளுங்கள்.

"மிஸ், அடுத்த மாசம் எங்க கோயில் கொடை. போன கொடைக்கு இவனால யாருமே போகலை. மேளச் சத்தம் கேட்டாலே ஊரைக் கூட்டுதான். இந்தத் தடவை போகணும்னு ஆச்சி ஆசப்படுதா."

மிஸ் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். பேனா, நோட்டு! கொடை எந்தத் தெருவில்? ஒலிபெருக்கிக் குழாய் எந்தத் திசை பார்த்துக் கட்டுவார்கள்? நையாண்டி மேளத்தைப் போனில் பதிவு செய்ய முடியுமா? முடியும், பக்கத்து ஊர்க் கொடை இந்த வாரமே வருகிறது, அப்பா போவார். அந்தப் பதிவை நாளைக்கு ஒரு தடவை, கேட்டும் கேட்காத சத்தத்தில், மூடி சுற்றுகிற விளையாட்டுக்கு நடுவே ஓடவிட வேண்டும். அவன் காதைப் பொத்தினால் உடனே நிறுத்த வேண்டும். பொத்தவில்லை என்றால் இரண்டு நாள் கழித்து ஒரு புள்ளி கூட்டலாம். கோயில், பந்தல், மேளக்காரர், வீடு என்று நாலு போட்டோவை வரிசையாக ஒட்டி, முதலில் இது, பிறகு இது, கடைசியில் வீடு என்று தினமும் காட்ட வேண்டும். காதை மூடுகிற ஹெட்போன் ஒன்று வாங்க முடியுமா, முடியாவிட்டால் பஞ்சும் துண்டும். எந்த இடத்தில் நிற்பது? அம்மன் சந்நிதிப் பக்கம் வேண்டாம், பந்தலின் பின்பக்கம், வெளியே போக வழி இருக்கிற ஓரம். மாமா ஸ்கூட்டரை அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். போகிற நேரம்? வில்லுப்பாட்டு தொடங்கியதும், கூட்டம் உட்கார்ந்துவிடும்.

"வேட்டு போடுவாங்களா அக்கா?"

அம்மா ஆச்சியைப் பார்க்கிறார். ஆச்சி போனைப் பிடுங்கி, வழக்கம்போலக் காதில் வைத்துக்கொண்டு பதில் சொல்கிறாள்: "தர்மகர்த்தா என் தம்பி மகன்தான்மா. இவன் கும்பிட்டுட்டு வீடு வந்து சேந்த பெறகுதான் அன்னைக்கு வேட்டு. நான் பேசிக்கிடுதேன்."